ஊவாத் தோட்டங்களில் தப்பு: தோலும் தொழிலும் தீட்டும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முனைந்தோர் கோப்பியையும் தேயிலையையும், கூலியையும் குடியுரிமையையும், தொழிற்சங்கங்களையும் வேலைநிறுத்தங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகள் பெறுமதி மிக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மக்கள் பிறருக்காகப் பறித்த கொழுந்தின் வரலாறு பெற்ற கவனத்தை, தமக்காகத் தம் கைகளால் ஆக்கிக்கொண்ட பொருள்களின் வரலாறு பெற்றிலது. தோட்ட வாழ்விலே கைவினைக்கு இடமிருந்ததா என வினவுவோரும் உளர். லயத்து அறையில் அடைபட்டு, விடியுமுன் எழுந்து, இருளும்வரை உழைத்தவனுக்குக் கலைப்பொருள் ஆக்க ஓய்வேது என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்துக்கு விடையாகத் தப்பு என்னும் தோற்கருவி ஒன்றையே எடுத்துக்காட்டலாம். பதுளை, பசறை, மடூல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை, கொஸ்லாந்தை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களிலே பிறப்பும் இறப்பும், திருவிழாவும் கூத்தும், வேலையும் தப்பொலியின்றி நடைபெறாத காலம் ஒன்றிருந்தது. அக்கருவியின் முகம் இறந்த மாட்டின் தோல். அதன் பசை புளியங்கொட்டை. அதன் உடல் ஒரு மரவளையம். பிறர் கழித்து ஒதுக்கிய பொருளிலிருந்து ஒரு சமூகத்தின் குரலை ஆக்கிய இத்தொழில் எத்தகையது, அதற்கு வேண்டிய அறிவு யாது, அவ்வறிவு அறிவென மதிக்கப்படாமைக்குக் காரணம் என்ன என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முரசும் பறையும்

தப்புதல் என்னும் வினைக்கு அடித்தல், அறைதல் என்னும் பொருள் தமிழில் உண்டு. ஆடையைக் கல்லில் அடித்து வெளுத்தலையும் தப்புதல் என்பர். அடிக்கப்படும் கருவி தப்பு எனப் பெயர் பெற்றது இவ்வழியிலேயே எனக் கொள்ளலாம். தப்பட்டை என்னும் சொல்லும் இதனோடு உறவுடையதே. பிழை எனப் பொருள்படும் தப்பு என்னும் சொல்லோடு இதனை இணைத்து எள்ளி நகையாடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது மொழியறிவினால் எழுந்ததன்று. கருவியை அடிப்பவனைப் பற்றிய இழிந்த எண்ணத்தினால் எழுந்தது.

தோற்கருவியைத் தமிழர் எவ்வாறு மதித்தனர் என்பதற்குப் பண்டை இலக்கியம் தரும் சான்றுகள் சிந்தனைக்குரியன. தொல்காப்பியம் பறையை நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. தெய்வம், உணவு, மரம், தொழில் ஆகியவற்றோடு ஒருங்கெண்ணத்தக்க தகுதி அதற்கு அன்று இருந்தது. இரண்டு காளைகளைப் பொரவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் களையாமலே போர்த்து முரசு செய்த வழக்கத்தைப் புறநானூற்றின் 288ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. அரச முரசுக்கெனத் தனிக் கட்டில் இருந்தது. அது அறியாது அக்கட்டிலில் துயின்ற மோசிகீரனார் என்னும் புலவரைத் தண்டியாது, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அருகில் நின்று கவரி வீசினான் என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. அச்செய்தி வியப்புக்குரியதாவது முரசு கட்டில் அத்துணைத் தூய்மையுடையதாகக் கருதப்பட்டமையாலேயே.

இங்கே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். முரசின் முகமும் மாட்டுத்தோல். பறையின் முகமும் மாட்டுத்தோல். ஒன்று கட்டிலில் ஏற்றப்பட்டு நீராட்டப்பெற்றது. மற்றது பிற்காலத்தில் ஊரின் எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டது. பொருள் ஒன்றாயிருக்க மதிப்பு மட்டும் வேறுபட்டதெனின், தீட்டு தோலில் இல்லை என்பது பெறப்படும். அது தோலைத் தொட்ட மனிதனுக்குச் சமூகம் வகுத்த இடத்தில் உள்ளது.

ஊவாவின் மாடுகள்

தப்பின் வரலாறு மாட்டின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. தோட்டங்கள் தோன்றுமுன்னரும் ஊவா வயலும் மாடும் நிறைந்த நாடாகவே இருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதன் பின்னர், 1817-1818இல் ஊவாவிலும் வெல்லசவிலும் எழுந்த கிளர்ச்சியை அடக்குதற்கு ஆட்சியாளர் கையாண்ட வழிகளுள் வீடுகளை எரித்தலும் பயிரை அழித்தலும் கால்நடைகளைக் கொல்லுதலும் அடங்கும். ஒரு நாட்டின் வலிமை எங்குள்ளது என்பதை அழிக்க வந்தவர் நன்கு அறிந்திருந்தனர்.

இறந்த மாட்டின் தோலைப் பயன்கொள்ளும் தொழில் கண்டி இராச்சியத்திலும் இருந்தது. அங்கு நீண்டகாலம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், சாதி வரிசையில் மிகக் கீழே தள்ளப்பட்ட ரொடியர் என்போர் இறந்த மாடுகளின் தோலால் கயிறு திரித்து, யானை பிடிப்பதற்கென அரசனுக்கு அளிக்கும் கடமை உடையராயிருந்தனர் எனக் குறிப்பிடுகிறார். அரசனுடைய யானையைக் கட்டும் கயிறு அவர்கள் கையால் ஆனது. அவர்களோ ஊரினுள் நுழைய உரிமையற்றவர்கள். சிங்களரிடையே பெரவா எனப்படும் முழவுச் சாதியினரின் நிலையும் ஒருவாற்றால் இதனை ஒத்ததே. விகாரையின் பூசைக்கும் பெரஹராவுக்கும் இன்றியமையாத கெட்ட பெரய, தவுல் முதலியவற்றை முழக்கியோர் சாதிப் படிநிலையில் தாழ்ந்தோராகவே வைக்கப்பட்டனர். பதுளை முதியங்கனை விகாரையின் வீதியில் எழும் முழவொலிக்கும், அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் எழுந்த தப்பொலிக்கும் இடையே மொழியும் சமயமும் வேறாயினும், ஒலித்தவரின் சமூக நிலை பெரிதும் வேறன்று.

கோப்பித் தோட்டங்கள் ஊவாவில் பெருகியபோது மாடு புதியதொரு முக்கியத்துவம் பெற்றது. கோப்பிச் செடிக்குச் சாணமே சிறந்த எரு எனத் துரைமார் கருதினர். அதன்பொருட்டுத் தோட்டங்களில் மாட்டுக்காலைகள் அமைத்தனர். அரிசியை மேலே கொண்டுவருதற்கும் கோப்பியைக் கீழே கொண்டுசெல்லுதற்கும் மாட்டு வண்டிகளே வழி. வண்டிப்பாதை இல்லாவிடங்களில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகள் சென்றன. அம்பாந்தோட்டை உப்பும் அவ்வாறே ஊவாவை அடைந்தது. 1869இல் மடூல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டிய பின்னும், பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே அப்பாதை நிறைவெய்தியது. அதுவரை செங்குத்தான வீதிகளில் பாரம் இழுத்தவை காளைகளே.

இவ்வாறு உழைத்த மாடுகள் களைப்பாலும் முதுமையாலும் நோயாலும் இறந்தன. மாட்டுக் கொள்ளைநோய் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கால்நடைகளைப் பன்முறை தாக்கியது. 2011இலேயே அந்நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. லயங்களின் அருகே தொழிலாளர் வளர்த்த பசுக்களும் கன்றுகளும் உண்டு. கொல்லாமலே தோல் கிடைத்தற்கு இவை யாவும் காரணங்களாயின. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தோர் கடல் கடந்து கொண்டுவரக் கூடியவை மிகச் சிலவே. தப்போ கொண்டுவரவேண்டிய பொருளன்று. அறிவு ஒன்று கைவசமிருப்பின் மாடும் மரமும் உள்ள எவ்விடத்தும் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம்.

தோல் தப்பாகும் முறை

தப்புச் செய்தல் எளிய தொழில் எனத் தோன்றலாம். அதன் படிகளை நோக்குவோர் அவ்வாறு கூறார்.

முதலாவது, காலம். மாடு இறந்த சில மணி நேரத்துள் அழுகல் தொடங்கிவிடும். வெப்பமான நாட்டில் இத்தொழில் பகல் இரவு பாராது உடனே செய்யப்பட வேண்டியது. தோலை உரிக்கையில் கத்தியின் நுனி சற்றே ஆழ்ந்து கீறினும் அத்தோல் முழவுக்கு உதவாது. இழுத்துக் கட்டியபின் அக்கீறலே கிழிசலாக விரியும். கழுத்தும் வயிற்றுப்புறமும் தடிப்பிலும் நெகிழ்விலும் ஒரு சீரானவை அல்ல. ஆதலின் தடிப்பு ஒத்திருக்கும் பகுதியைக் கையால் தடவியே தெரிந்தெடுக்க வேண்டும். இளங்கன்றின் மெல்லிய தோல் கூர்மையான ஒலியையும், முதிர்ந்த மாட்டின் தடித்த தோல் தாழ்ந்த ஒலியையும் தரும்.

இரண்டாவது, மயிர் களைதல். தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாள்கள் ஊறவைப்பர். சுண்ணாம்பின் காரத்தன்மை மயிர்க்கால்களைத் தளர்த்துகிறது; தோலின் நார்களைப் பருக்கச் செய்கிறது. பின்னர் ஒரு புறத்து மயிரையும் மறுபுறத்துத் தசையையும் கொழுப்பையும் மழுங்கிய கத்தியால் வழித்தெடுப்பர். கொழுப்பு எஞ்சின் தோல் மந்தமாக ஒலிக்கும். சுண்ணாம்பு எஞ்சின் தோல் நொறுங்கும். எனவே நன்கு கழுவுதலும் இத்தொழிலின் ஒரு பகுதியே.

இவ்விடத்தில் செருப்புக்கும் தப்புக்கும் உரிய தோல்களின் வேறுபாட்டை அறிதல் நன்று. செருப்புக்கு வேண்டிய தோலை ஆவாரம்பட்டை போன்ற துவர்ப்புப் பொருள்களில் இட்டுப் பதனிடுவர். துவர்ப்பு, தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரத நார்களோடு பிணைந்து, அது அழுகாமலும் வளைந்து கொடுக்குமாறும் செய்கிறது. முழவுக்கு வளைந்து கொடுக்கும் தோல் பயன்படாது. அதற்கு வேண்டியது உலர்ந்தபின் இறுகி விறைக்கும் பச்சைத்தோல். எதனைப் பதனிட வேண்டும், எதனைப் பதனிடாது விட வேண்டும் என்னும் இத்தெளிவு பல தலைமுறைப் பயிற்சியால் வந்தது. வேதியியல் அதன் காரணத்தைப் பின்னரே விளக்கியது.

மூன்றாவது, பூட்டுதல். வளைந்த மரத்துண்டுகள் மூன்றினை இரும்புத் தகட்டால் இணைத்து வளையமாக்குதல் தமிழகத்து வழக்கம். அங்கு வேம்பு முதலிய மரங்களைப் பயன்படுத்துவர். வளையத்தின் விளிம்பில் பூசும் பசை புளியங்கொட்டையிலிருந்து எடுக்கப்படுவது. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சினால் வலிய பசை கிடைக்கும். நெசவாலைகள் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுத்துவதும் இப்பொருளையே. குழம்புக்குக் கரைத்த புளியில் எஞ்சும் கொட்டை, தப்புக்கு உயிர்நாடியான பசையாகிறது. ஈரத்தோலைப் பசையின்மேல் இழுத்து ஒட்டி உலரவிட, தோல் சுருங்கித் தானே முறுக்கேறுகிறது.

நான்காவது, காய்ச்சுதல். பச்சைத்தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறின் முறுக்குத் தளரும், ஒலி தாழும். கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையிலும், 1,400 மீற்றருக்கும் மேலான அப்புத்தளையிலும் மூடுபனியும் வடகீழ்ப் பருவமழையும் தப்புக்குப் பகையாவன. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாத் தேயிலைக்குப் புகழ் தேடித்தரும் வறண்ட காற்றோ தோல் உலர்வதற்கு உகந்தது. எக்காலமாயினும் அடிக்குமுன் வைக்கோலோ சருகோ கொளுத்தி, அதன் அனலில் தப்பின் முகத்தைக் காட்டி முறுக்கேற்றுவர். சூடு குறையின் ஒலி எழாது. மிகின் தோல் வெடிக்கும். விரலால் தட்டி, காதால் அளந்து, அனலிலிருந்து எடுக்கும் கணத்தை முடிவு செய்யும் திறனை எந்த அளவுகோலும் தந்துவிட முடியாது. இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கிற் குச்சியும் வலக்கையில் குறுகித் தடித்த குச்சியும் கொண்டு அடிக்கையில், ஒரே தோலிலிருந்து இருவேறு ஒலிகள் எழுகின்றன.

தோட்டத்தின் கடிகாரமும் தெய்வத்தின் அழைப்பும்

இவ்வாறு ஆக்கப்பட்ட தப்பு தோட்டத்தில் ஒன்றுக்கொன்று முரணான பணிகளைச் செய்தது. கடிகாரம் இல்லாத லயங்களில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. இருளில் எழுந்த அவ்வொலி கங்காணியின் ஆணைக்கும் துரையின் கணக்குக்கும் முன்னறிவிப்பாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையில் விடியலை நடுங்கச் செய்யும் தப்பொலி கேட்கிறது. ஊரில் நிலவுடைமையாளனுக்கு ஊழியம் செய்த கருவி, தோட்டத்தில் ஏற்றுமதி விவசாயத்தின் நேர ஒழுங்குக்கு ஊழியம் செய்தது. பழைய தொழிலைப் புதிய முதலாளித்துவம் தன் தேவைக்கேற்ப வளைத்துக்கொண்டமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அதே தப்பு மாலையில் அம்மக்களுக்கே உரியதாயிற்று. மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கும் காவடிக்கும் முன்சென்றது. திருமண ஊர்வலத்திலும் சடங்கு வீட்டிலும் ஒலித்தது. ஒருவர் இறந்தால் மலைக்கு மலை செய்தி சொன்னது. நிகழ்ச்சிக்கேற்ப அடிமுறை வேறுபடுமாதலால், தொலைவில் கேட்போர் அது சாவோ சாமியோ என ஒலியைக் கொண்டே அறிந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு அது பொது அறிவித்தலாகவும் அமைந்தது.

மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்திலே தப்பின் பங்கு தனிச்சிறப்புடையது. சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதும், இரதி புலம்புவதும், பின்னர் காமன் மீண்டும் உயிர்பெறுவதும் அக்கூத்தின் கதை. ஆட்டமும் பாட்டும் தப்பின் நடையையே பற்றிச் செல்கின்றன. இரவெல்லாம் நீளும் அந்நிகழ்ச்சியில் பக்கத்தே தீ மூட்டி, தளர்ந்த தப்புகளை மாற்றி மாற்றிக் காய்ச்சுவர். கூத்தின் உயிர் அத்தீயில் உள்ளது எனினும் மிகையன்று.

தீட்டு என்னும் விலங்கு

இத்துணைப் பணிகளையும் ஆற்றிய கருவியை ஆக்கியோர் யாவர்? பறையர் எனச் சாதியால் குறிக்கப்பட்டோரே தோட்டங்களிலும் பெரும்பாலும் தப்படிக்கும் கடமைக்கு உரியவராயினர். சக்கிலியர் எனப்பட்டோர் துப்புரவுப் பணியில் அமர்த்தப்பட்டனர். தமிழகத்துக் கிராமத்தின் சாதியமைப்பு தோட்டத்தில் எவ்வாறு தொடர்ந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பதை ஆர். ஜெயராமன் 1975இல் வெளிவந்த தம் ஆய்வில் விரிவாக ஆராய்ந்துள்ளார். எல்லோரும் ஒரே பிரட்டில் நின்று ஒரே கூலி பெற்றமை சாதியைச் சிறிது தளர்த்தியது. ஆயினும் லயங்களின் பகிர்விலும் கோயிற் சடங்கிலும் சாவு வீட்டிலும் அது தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஈண்டு முரண்பாடொன்று வெளிப்படையாகிறது. இறந்த பசுவைத் தொடுதல் தீட்டு எனப்பட்டது. அதனை அகற்றுதல் ஒரு சிலரின் கடமை எனப்பட்டது. அதே பசுவின் தோலால் ஆன தப்பு அம்மன் முன்னிலையில் ஒலித்தாலன்றி விழாத் தொடங்காது எனவும் கொள்ளப்பட்டது. பொருளை ஏற்று, பொருளை ஆக்கியவனை விலக்கும் இந்நெறிக்கு நியாயம் கற்பித்தல் இயலாது.

ஆதலால் இத்தொழிலைக் கைவிடுதலே விடுதலைக்கு வழி எனப் பலர் கருதியதில் வியப்பில்லை. 1927இல் மகாட்டில் கூடிய மாநாட்டில் அம்பேத்கர், இறந்த விலங்குகளை இழுத்தலையும் அவற்றின் இறைச்சியை உண்ணுதலையும் விட்டொழிக்குமாறு தம் மக்களை வற்புறுத்தினார். ஏறக்குறைய 90 ஆண்டுகளின் பின்னர், 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா நகரில் இறந்த பசுவின் தோலை உரித்த தலித்துகள் பலர் காணக் கொடூரமாக அடிக்கப்பட்டனர். அதனை எதிர்த்து அம்மாநிலத் தலித்துகள் இறந்த மாடுகளை அகற்ற மறுத்தனர். சுரேந்திரநகரில் அவற்றை அரச அலுவலகத்தின் முன்னே கொண்டுவந்து போட்டனர். செய்யாவிடின் குற்றம், செய்தாலும் குற்றம் என்னும் நிலையில் மறுப்பே அவர்தம் மொழியாயிற்று.

மலையகத்திலும் கல்வி கற்ற இளைஞர் பலர் தப்பை இழிவின் அடையாளமாகக் கண்டு விலகினர். அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. விரும்பி ஏற்காத தொழிலைக் கலை எனப் புகழ்ந்து, அதனைத் தொடருமாறு பிறருக்கு உபதேசித்தல் ஒருவகைக் கொடுமையே. தமிழகத்தில் 1990கள் தொடக்கம் தலித் இயக்கங்களும் கலைக்குழுக்களும் பறையை விடுதலையின் குரலாக மீட்டெடுத்தமையும் நாம் அறிந்ததே. விரும்புவோர் எச்சாதியினராயினும் ஆணாயினும் பெண்ணாயினும் மேடையில் நின்று அடிக்கும் இன்றைய நிலை, கட்டாயத்திலிருந்து கலையைப் பிரித்தெடுக்க முடியும் என்பதற்குச் சான்று. ஆயின் இம்மீட்பு அடிப்பவரையே பெரிதும் மேடையேற்றியுள்ளது. தோலை உரித்தவரும் ஊறவைத்தவரும் வழித்தவரும் மேடைக்குப் பின்னாலேயே நிற்கின்றனர். ஒலிக்குக் கிடைத்த மதிப்பு தொழிலுக்குக் கிடைக்கவில்லை.

தேய்வும் கடமையும்

தப்புத்தொழில் தேய்ந்தமைக்குக் காரணங்கள் பல. ஆலையின் சங்கும் கடிகாரமும் பிரட்டுத் தப்பின் இடத்தைப் பெற்றன. புகையிரதமும் லொறியும் வந்தபின் வண்டிமாடுகள் அருகின. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமென வகுக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறியபோது, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லவேண்டிய கைத்திறன்களின் தொடர்பும் பல இடங்களில் அறுபட்டது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமும், 1992இல் தோட்டங்கள் மீண்டும் தனியார் நிருவாகத்துக்கு மாறியமையும் தோட்ட வாழ்வின் அமைப்பை மேலும் மாற்றின.

இவற்றோடு புதிய மூலப்பொருளும் வந்து சேர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் முழவுகளுக்குப் பொலியெஸ்டர் படலம் பூட்டும் முறை பரவியது. மழைக்கும் பனிக்கும் தளராத அப்படலம் இன்று தமிழகத்துப் பறைகளிலும் இடம்பெறுகிறது. தீ மூட்டவேண்டியதில்லை, இறந்த விலங்கைத் தொடவேண்டியதில்லை. கட்டாயத்திலிருந்து விடுபட விரும்பியோருக்கு அது ஒரு வாய்ப்பு என்பதை மறுத்தல் தகாது. ஆயினும் தோலின் ஒலியும் படலத்தின் ஒலியும் ஒன்றல்ல என்பதைக் காதுடையோர் அறிவர்.

பழைய முறையில் ஆபத்தும் இருந்தது. அடைப்பான் நோயால் இறந்த விலங்கின் தோலில் அந்நோயின் வித்துகள் நெடுங்காலம் அழியாது கிடக்கும். 2006இல் நியூயோர்க்கில் விலங்குத்தோல் கொண்டு முழவு செய்த ஒருவர் இந்நோய்க்கு ஆளானார். 2008இல் லண்டனில் முழவு செய்த ஒருவர் இதனால் இறந்தார். செல்வம் மிக்க நகரங்களிலேயே இவ்வாறெனின், நோயறிய மருத்துவரும் கைகாக்க உறையும் இல்லாத லயத்துத் தொழிலாளி ஏற்ற ஆபத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். காரணம் அறியாது திடீரென இறந்த மாட்டை உரிக்காமலே புதைக்க வேண்டும் என்பது இன்றைய கால்நடை மருத்துவத்தின் அறிவுரை. இத்தொழிலைத் தொடர விரும்புவோர் அதனை முதல் விதியாகக் கொள்ளல் வேண்டும்.

எஞ்சியிருக்கும் கடமை ஒன்றுண்டு. தப்பைக் காட்சிச்சாலையில் தொங்கவிடுதலோ, விழா மேடையில் சில நிமிடம் ஒலிக்கச் செய்தலோ அக்கடமையை நிறைவேற்றா. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் பெருநூலில் கண்டிச் சிங்களவரின் தச்சு, உலோகம், தந்தம், நெசவு முதலிய கைவினைகளை, தொழிலாளரின் கருவிகளும் முறைகளும் உட்பட, பொறுமையோடு பதிந்தார். அதே மலைகளின் மறுபுறத்தில் லயங்களில் வாழ்ந்தோரின் கைத்திறனும் அத்தகைய பதிவுக்கு உரியதே. எந்தத் தோலை எவ்வளவு காலம் ஊறவைத்தனர், மலைநாட்டு மரங்களுள் எதனை வளையத்துக்குத் தெரிந்தனர், ஒவ்வோர் அடிமுறைக்கும் என்ன பெயரிட்டனர் என்பனவற்றை அறிந்த முதியோர் பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் வாழும் காலத்திலேயே அவர்களிடம் சென்று கேட்டல் வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் தொகை முன்னரிலும் பெருகியுள்ளது. தம் பாட்டனாரிடமே வினாக்களோடு செல்லக்கூடிய ஆய்வாளர் இவர்களன்றி வேறு யாவர்?

கேட்கும்போது அம்முதியவரைச் சாதிப் பெயரால் அறியாது, தோலையும் தீயையும் ஒலியையும் அறிந்த வினைஞர் என அறிதல் வேண்டும். தம் மகன் இத்தொழிலைச் செய்யவேண்டாம் என அவர் கூறுவாராயின், அக்கூற்றையும் பதிவின் பகுதியாகவே எழுதுதல் வேண்டும். அறிவைப் போற்றுதலும் அடிமைத்தனத்தை மறுத்தலும் ஒருங்கே நிகழும் இடத்திலேயே தப்பின் வரலாறு நேர்மையாக எழுதப்படும்.